செம்பும் களிம்பும்: நாணயஞ் சேர்ப்போரின் தன்முனைப்பு

கி. பி. 6 ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த கொஸ்மஸ் என்பார் எழுதிய நூலொன்றில் இலங்கை பற்றிய சுவையான செய்தி ஒன்று காணப்படுகின்றது. சொபத்திரொஸ் என்னும் உரோம வணிகன் ஒருவன் இலங்கை மன்னனைக் காணச் சென்றான். அவ்வேளையிற் பாரசீகர் ஒருவரும் அவைக்கு வந்திருந்தார். இரு நாட்டு மன்னருள் எவர் பெரியவர் என இலங்கை வேந்தன் வினவினான். பாரசீகர் முந்திக்கொண்டு தம் மன்னரின் ஆற்றலையும் செல்வத்தையும் விரித்துரைத்தார். வணிகனோ, இரு மன்னரும் இவ்வவையிலேயே உள்ளனர், ஒப்பிட்டு நோக்குக எனக் கூறி, இரு நாட்டு நாணயங்களையும் வேந்தன்முன் வைக்கச் செய்தான். உரோமரது நாணயம் பொன். பாரசீகரது நாணயம் வெள்ளி. இரண்டையும் புரட்டிப் பார்த்த வேந்தன் உரோமரையே மெச்சி, வணிகனை யானைமீதேற்றி முரசு முழங்க நகர்வலம் வரச் செய்தான். பாரசீகர் பெரிதும் மனம் நொந்தார் என்று கொஸ்மஸ் கதையை முடிக்கிறார்.

இதில் வரலாறு எவ்வளவு, புனைவு எவ்வளவு என்பது ஆராய்ச்சிக்குரியது. 1 ஆம் நூற்றாண்டினரான பிளினியும், உரோம வெள்ளிக் காசுகளின் ஒத்த எடையைக் கண்டு இலங்கை மன்னன் வியந்ததாக எழுதியுள்ளார். எனினும் மனவியல் நோக்கில் இக்கதை மெய்யே. அந்த வெள்ளிக் காசைப் பாரசீகர் அடிக்கவில்லை. அதில் உள்ள உருவமும் அவருடையதன்று. ஆயினும் காசு தாழ்ந்தபோது தாமே தாழ்ந்ததாக அவர் உணர்ந்தார். நாணயத்திற்கும் மனிதனின் 'நான்' என்னும் உணர்வுக்கும் இடையேயுள்ள இத்தொடர்பே பழங்காசு சேர்ப்போரிடத்தில் இன்றும் பல பிணக்குகளுக்கு வித்தாக இருந்துவருகின்றது.

அப்பிணக்குகளைத் தனிமனிதரின் சில்லறைச் சச்சரவு என ஒதுக்கிவிடலாகாது. மனம் புண்பட்டவர் தம் காசைப் பெட்டியிற் பூட்டுகிறார்; பூட்டப்பட்ட காசு வரலாற்றுக்குச் சாட்சி சொல்வதில்லை. எனவே ஒருவரது தன்முனைப்பால் நேரும் இழப்பு நாடு முழுவதற்கும் உரியதாகின்றது. இவ்வுண்மையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உடைமையும் உயிரும்

பழம்பொருள் சேர்க்கும் பழக்கம் பலவகைப்படும். முத்திரை, தீப்பெட்டி ஒட்டு, சிப்பி, ஓலைச்சுவடி என அவை விரியும். அவற்றுள் நாணயஞ் சேர்ப்பவர் ஏனையோரினும் எளிதிற் புண்படுவதற்குக் காரணங்கள் உள. நாணயம் கையடக்கமானது, ஆதலின் உரியவன் அதனை அடிக்கடி எடுத்துத் தடவிப் பார்க்கின்றான். அது விலையுடையது, ஆதலின் அதன் மதிப்புக் குறையின் செல்வமும் குறைகின்றது. அது பழமையுடையது, ஆதலின் அதனைக் கண்டறிந்தவனுக்கு அறிஞன் என்னும் பெயரும் கிடைக்கின்றது. பொருள், புகழ், அறிவு என்னும் மூன்றும் ஒரு சிறு செப்புத் தகட்டில் ஒருங்கு கூடுகின்றன. அத்தகட்டை ஒருவர் ஐயுற்றால் மூன்றும் ஒரே கணத்தில் ஆட்டங்காணுகின்றன.

அமெரிக்க மெய்யியலறிஞரான வில்லியம் ஜேம்ஸ் 1890 ஆம் ஆண்டில் வெளியிட்ட உளவியல் நூலில், ஒருவன் தன்னுடையது என்று சொல்லத்தக்க யாவும் சேர்ந்ததே அவனது 'தான்' என விளக்கினார். உடல், உடை, வீடு, மக்கள் ஆகியவற்றோடு நெடுநாள் உழைத்துச் சேர்த்த சேகரங்களையும் அவர் இவ்வகையுள் அடக்கினார். அவை அழியும்போது பொருளிழந்த துயர் மட்டுமன்றித் தன்னிலேயே ஒரு பகுதி அழிந்த உணர்வும் தோன்றுகின்றது என்பது அவர் கருத்து. 1990 ஆம் ஆண்டில் கானமன், நெட்ச், தேலர் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு இதனைச் சோதனைவழி காட்டியது. கோர்னெல் பல்கலைக்கழக மாணவர் சிலருக்குச் சாதாரணக் குவளைகளைக் கொடுத்து, பின் அவற்றை விற்கச் சொன்னபோது, வாங்குவோர் கொடுக்க முன்வந்த விலையைப்போல் ஏறக்குறைய இரு மடங்கை அவர்கள் கேட்டனர். சற்றுமுன் கைக்கு வந்த குவளைக்கே இந்நிலையாயின், இருபது ஆண்டு போற்றிய காசின் திறத்திற் சொல்லவும் வேண்டுமோ?

நம் முன்னோர் இதனை வேறு சொற்களால் உணர்த்தினர். 'நான்' என்னும் பற்றை அகங்காரம் என்றும், 'எனது' என்னும் பற்றை மமகாரம் என்றும் அவர் பிரித்தனர். சைவசித்தாந்தம் இவற்றின் மூலத்தை ஆணவமலம் என்கின்றது. அம்மலம் இடையில் வந்து ஒட்டியதன்று. செம்பில் களிம்புபோல உயிரோடு உடனிருப்பது என்பது சித்தாந்த நூலார் வழங்கும் உவமை. செப்புக் காசு சேர்ப்போருக்கு இவ்வுவமையினும் பொருத்தமானது வேறில்லை.

மனம் புண்படும் இடங்கள்

காசு சேர்ப்போர் கூடுமிடங்களிற் பிணக்குத் தோன்றும் இடங்கள் பெரும்பாலும் நான்கே. முதலாவது, காசு மெய்யா பொய்யா என்னும் வினா. இரண்டாவது, அது துப்புரவு செய்யப்பட்டதா என்னும் வினா. மூன்றாவது, அதன் தரம். நான்காவது, அது எவர் காலத்தது என்னும் வாசிப்பு.

மெய்க்காசு பெரும்பாலும் அச்சு வைத்து அடிக்கப்பட்டது. போலிக்காசு பெரும்பாலும் அச்சில் உருக்கி வார்க்கப்பட்டது. வார்த்த காசின் விளிம்பில் இரு பாதிகளும் கூடிய பொருத்துக்கோடு தெரியலாம், மேற்பரப்பிற் காற்றுக்குமிழ் விட்ட நுண்குழிகள் காணப்படலாம், எழுத்துகளின் ஓரம் கூர்மையின்றி மழுங்கியிருக்கும், எடையும் வேறுபடும். இவற்றை நோக்க ஓர் உருப்பெருக்குக் கண்ணாடியும் ஒரு சிறு தராசும் போதும். எனினும், ஒருவர் பெருமையோடு நீட்டிய காசைக் கண்ணாடியில் நோக்கி, மற்றொருவர் 'இது வார்ப்பு' என்று சொன்ன அளவில், அச்சொல் 'நீர் ஏமாந்தவர்' என்றே காதில் விழுகின்றது. காசைப் பற்றிய தீர்ப்பு ஆளைப் பற்றிய தீர்ப்பாக மாறுவது இக்கணத்திலேயாம்.

துப்புரவு பற்றிய பிணக்கு நம் வீட்டு வழக்கத்திலிருந்து எழுவது. குத்துவிளக்கையும் செம்பையும் பழப்புளியும் சாம்பலும் இட்டு மினுக்குதல் நல்ல வழக்கம். அதே கையாற் பழங்காசையும் தேசிக்காய்ச் சாற்றில் இட்டுத் தேய்ப்போர் பலர். புளிப்பு மேற்பரப்பை அரித்துவிடுகின்றது. தேய்ப்பு எழுத்தின் கூரை மழுக்குகின்றது. பல நூற்றாண்டாகப் படிந்த பச்சையும் பழுப்புமான படலம் போய்விடுகின்றது. அப்படலம் உறுதியாக ஒட்டியிருக்குமாயின் அது அடியிலுள்ள உலோகத்துக்குக் காப்பு. பழமைக்கும் ஒரு சான்று. ஆதலால் மினுக்கிய காசு அறிவுடையோரிடத்து மதிப்பிழக்கின்றது. ஆசையோடு மினுக்கிக் கொண்டுவந்தவருக்கு இதனைச் சொல்வதினும் கடினமான செயல் பிறிதில்லை.

தரம் பற்றிய பிணக்கும் இத்தகையதே. தேய்வு எவ்வளவு என்பதைக் கண்ணாற் கண்டு முடிவு செய்ய வேண்டியிருத்தலின், உரியவன் ஒரு படி உயர்த்தியும் பிறர் ஒரு படி தாழ்த்தியும் காண்பது இயல்பு. இக்குறையைப் போக்க எண்ணியே 1949 ஆம் ஆண்டில் வில்லியம் ஷெல்டன் என்னும் அமெரிக்கர், பழைய அமெரிக்கச் செப்புச் சதங்களுக்கு 1 முதல் 70 வரை இலக்கமிடும் முறையொன்றை வகுத்தார். கடைத்தரக் காசின் விலையைப்போல் எழுபது மடங்கு பெறத்தக்கது 70 என்பது அம்முறையின் தொடக்கக் கருத்து. இன்று உலகெங்கும் வழங்கும் தர இலக்கம் அதன் வழிவந்ததே. எண் வந்தபின் பிணக்கு ஒழிந்ததா எனின், இல்லை. முன்னர் 'நன்று', 'மிக நன்று' என வாதிட்டோர் பின்னர் 63, 64 என வாதிடலாயினர்.

அறிஞரும் தப்பிலர்

மேற்கூறிய ஷெல்டனின் வரலாறே இவ்விடத்து நோக்கத்தக்கது. அவர் வெறும் காசு சேர்ப்பவரல்லர், உளவியலறிஞர். மனிதரின் உடலமைப்பையும் குணவியல்பையும் இணைத்து மூவகையாகப் பிரித்துக் கூறிப் புகழ் பெற்றவர். செப்புச் சதங்கள் பற்றி அவர் எழுதிய நூல் அத்துறையோருக்கு வழிகாட்டியாக விளங்கியது. 1977 இல் அவர் இறந்தபின், நியூயோர்க்கிலுள்ள அமெரிக்க நாணயவியற் கழகத்தின் சேகரத்தில் இருந்த சிறந்த சதங்கள் பலவற்றை எடுத்துக்கொண்டு, அவற்றின் இடத்தில் தரங்குறைந்தவற்றை அவர் வைத்துவிட்டமை புலப்பட்டது. பழைய ஒளிப்படங்களோடு காசுகளை ஒப்பிட்டே ஆய்வாளர் இதனைக் கண்டறிந்தனர். மனித குணங்களை அளந்தவர் தம் குணத்தை அளக்கத் தவறினார். 'எனது' என்னும் பற்றுக் கல்வியால் மட்டும் கரைவதன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

தனியொருவருக்கு நேர்ந்தது சங்கத்துக்கும் நேரும். அமெரிக்க நாணயவியற் சங்கம் 1891 இல் சிகாகோவில் நிறுவப்பட்டது. அதனைத் தோற்றுவித்த மருத்துவர் ஜோர்ஜ் ஹீத், அதற்கு முன்பே 1888 இல் தொடங்கிய சஞ்சிகையைத் தம் சொந்தப் பொறுப்பில் நடத்திவந்தார். 1908 இல் அவர் இறந்ததும், சங்கத் தலைவராயிருந்த பாரன் சேர்பே அச்சஞ்சிகையை அவர் குடும்பத்தாரிடமிருந்து தம் பெயரில் வாங்கினார். சங்கத்துக்கு உரியதாக வேண்டியதைத் தலைவர் தமதாக்கினார் எனச் சிலர் வெகுண்டனர். 1909 ஆம் ஆண்டுத் தேர்தல் வசை மாரியாக மாறியது. ஈற்றில் 1911 இல் மொன்றியலைச் சேர்ந்த வில்சன் என்னும் அன்பர் அச்சஞ்சிகையை விலைகொடுத்து வாங்கிச் சங்கத்துக்கே நன்கொடையாக அளித்தார். பகை தணிந்தமைக்குக் காரணம் வாதத்தில் ஒருவர் வென்றமையன்று. ஒருவர் 'எனது' என்பதை விட்டுக்கொடுத்தமையே.

திருத்துவோர் செருக்கு

இதுகாறும் கூறியவற்றால் புண்படுவோரிடத்தே முழுக்குற்றமும் உளது எனக் கொள்ளலாகாது. புண்படுத்துவோரிடத்தும் தன்முனைப்பு உண்டு. பிறர் காசில் குற்றங்காண்பது தன் அறிவை நாட்டுவதற்கு எளிய வழி. பலர் நடுவே இளைஞனொருவன் கொண்டுவந்த காசைப் பார்த்த மாத்திரத்தே 'குப்பை' எனத் தூக்கி வைப்பவர், அக்காசைப் பற்றி யாதும் அறிவித்தாரல்லர். தம்மைப் பற்றியே அறிவித்தார். எடை என்ன, எழுத்து எவ்வாறுளது, எவ்விடத்திற் கிடைத்தது என்பன ஒன்றையும் வினவாது கூறும் தீர்ப்பு, மெய்யாயினும் அறிவாகாது.

இதன் விளைவு இரு வகைப்படும். இளைஞன் அத்துறையை விட்டே விலகிவிடுகின்றான்; அல்லது தானும் நாளை அவ்வாறே பிறரை இகழக் கற்றுக்கொள்கின்றான். இரண்டும் கேடே. தொட்டாற்சுருங்கியை வைதுபயனில்லை, தொடும் கையும் மெல்லியதாக வேண்டும்.

சேது நாணயத்தின் வரலாறு

ஐயமும் மறுப்பும் அறிவை எவ்வாறு வளர்க்கின்றன என்பதற்கு நம் நாட்டிலேயே சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. அது 'சேது' நாணயம். இச்செப்புக் காசுகளின் ஒரு பக்கத்தில் நிற்கும் மன்னன் உருவம் காணப்படும். மறுபக்கத்திற் படுத்திருக்கும் இடபமும், பிறையும், 'சேது' என்னும் தமிழெழுத்துகளும் காணப்படும். சேது என்னும் சொல்லைக் கண்டவுடன் இராமநாதபுரத்துச் சேதுபதிகளை நினைத்தல் இயல்பே. அவ்வாறே தொடக்கத்தில் ஆய்வாளர் சிலர் இவை சேதுபதிகளுக்கு உரியன எனக் கொண்டனர்.

அக்கொள்கைக்கு இரு தடைகள் எழுந்தன. முதலாவது, நிற்கும் மன்னனின் உருவ அமைப்புப் பொலன்னறுவைக் கால இலங்கை நாணயங்களைத் தழுவியது. பராக்கிரமபாகு, இலீலாவதி முதலியோர் நாகரி எழுத்தில் தம் பெயர் பொறித்து வெளியிட்ட செப்புக் காசுகளின் வழிவந்தது அவ்வமைப்பு. சேதுபதிகளோ 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அரசுரிமை பெற்றனர். இரண்டாவது, இக்காசுகள் மிகுதியாகக் கிடைத்த இடம் யாழ்ப்பாணமும் வட இலங்கையுமாகும். அன்றியும், கேகாலை மாவட்டத்திலுள்ள கொட்டகமத் தமிழ்க் கல்வெட்டிலும் 'சேது' என்னும் சொல் காணப்படுகின்றது. அக்கல்வெட்டுச் சிங்கைநகர் ஆரிய மன்னனின் வெற்றியைக் கூறுவது.

1920 ஆம் ஆண்டில் நல்லூர் ஞானப்பிரகாச சுவாமிகள், யாழ்ப்பாண அரசரின் மறக்கப்பட்ட நாணயங்கள் என்னும் பொருள்பட ஆங்கிலக் கட்டுரையொன்றை எழுதினார். 1924 இல் கொழும்பு நூதனசாலை வெளியீடாக வந்த கொட்றிங்டனின் இலங்கை நாணயங்கள் பற்றிய பெருநூலும் இவற்றை யாழ்ப்பாண ஆரியச்சக்கரவர்த்திகளுக்கே உரியனவாக வைத்தது. 1926 இல் முதலியார் செ. இராசநாயகம் 'பண்டைய யாழ்ப்பாணம்' பற்றிய ஆங்கில நூலை வெளியிட்டார். 1928 இல் சுவாமிகளின் 'யாழ்ப்பாண வைபவ விமர்சனம்' வெளிவந்தது. யாழ்ப்பாண அரசின் தோற்றம், தொன்மை பற்றிச் சுவாமிகளும் முதலியாரும் பெரிதும் வேறுபட்டனர். ஆயினும் அவ்வேறுபாடு திண்ணைப் பேச்சாக முடியாமல் நூல்வழி நிகழ்ந்தது. சான்று, காரணம், மறுப்பு யாவும் அச்சில் உள்ளன. பிற்காலத்தார் இருவரையும் எடைபோட முடிகின்றது.

இவ்வழக்கைத் தீர்த்தது யாது என்பதைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். எழுத்தை மட்டும் நோக்கியிருப்பின் சேதுபதிகள் என்றே முடிந்திருக்கும். காசு கிடைத்த இடமே வழக்கைத் திருப்பியது. வயலிலும் வளவிலும் காசு பெற்றோர், தாம் பெற்ற இடத்தை மறைக்காது சொன்னமையாலேயே யாழ்ப்பாண அரசுக்கு அதன் நாணயம் மீண்டது. அவர்களிற் பெரும்பாலோரின் பெயர் எந்நூலிலும் இல்லை.

இன்னுமொன்று. இக்காசிற் சிங்கள அரசரின் நாணய அமைப்பும், சைவ மன்னரின் இடபமும், தமிழெழுத்தும் ஒருங்கே உள்ளன. இதனைத் தனியொரு கூட்டத்தாரின் பெருமைச் சின்னமாக மட்டும் கொள்பவர் காசின் ஒரு பக்கத்தையே கண்டவராவர். தன்முனைப்புத் தனிமனிதரிடத்து மட்டுமன்றி இனத்திடத்தும் தோன்றும். அப்போது 'எனது காசு' என்பது 'எமது காசு' என விரிகின்றதேயன்றி நோய் மாறுவதில்லை.

தவறொப்பிய பெரியோர்

பழங்காசுத் துறையில் தவறொப்புவதற்கு இலக்கணமாக விளங்குபவர் ஜேம்ஸ் பிரின்செப். கல்கத்தா நாணயசாலையில் உலோகத்தின் மாற்று அளக்கும் அதிகாரியாக இருந்த இவர், ஆப்கானித்தானத்திலிருந்து மேசன் முதலியோர் திரட்டிய காசுகளையும் பிறர் அனுப்பிய கல்வெட்டுப் படிகளையும் ஆராய்ந்து, 1837 இற் பிராமி எழுத்தின் மறையை அவிழ்த்தார். கல்வெட்டுகளில் வந்த 'பியதசி' என்னும் மன்னன் எவன் என்பது அடுத்த வினா. இந்தியாவில் அப்பெயருடைய அரசன் எவனும் அறியப்படாமையின், அவன் இலங்கை வேந்தனான தேவநம்பிய திஸ்ஸனாகலாம் எனப் பிரின்செப் எழுதினார்.

அவ்வேளை இலங்கைச் சிவில் சேவையில் இருந்த ஜோர்ஜ் டேர்ணர் மகாவம்சத்தை ஆங்கிலத்திற் பெயர்த்துக்கொண்டிருந்தார். பியதசி என்பது சந்திரகுப்தனின் பேரனான அசோகனுக்கே வழங்கிய பெயர் எனப் பாலி நூலான தீபவம்சத்திலிருந்து அவர் காட்டினார். தம் பெயர் உலகெங்கும் பரவிய அந்த ஆண்டிலேயே தம் கருத்துத் தவறெனத் தொலைவிலுள்ள தீவொன்றிலிருந்து ஒருவர் கூறியதைப் பிரின்செப் மறைத்தாரல்லர். தாம் நடத்திய சஞ்சிகையிலேயே வெளியிட்டு ஏற்றுக்கொண்டார். அசோகன் வரலாறு உலகுக்குக் கிடைத்தது. மூன்றாண்டில், தமது 40 ஆம் வயதில், பிரின்செப் மறைந்தார். அவரது முதற் கருத்துத் தவறாய்ப் போனமையால் அவர் புகழ் ஓர் அணுவும் குறையவில்லை.

தமிழகத்தில் 'தினமலர்' ஆசிரியராயிருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி 1980 களில் மதுரையிற் பெற்ற செப்புக் காசொன்றில், ஒரு பக்கத்திற் குதிரையுருவத்தோடு 'பெருவழுதி' என்னும் தமிழ்ப் பிராமி எழுத்துகளைக் கண்டார். சங்ககால வேந்தர் தம் பெயர் பொறித்த நாணயம் வெளியிட்டனரோ என்னும் ஐயம் அறிஞரிடையே வலுவாக இருந்த காலம் அது. அவர் ஐயத்தைக் கண்டு சினந்து காசைப் பூட்டிவைக்கவில்லை. எழுத்தறிஞரிடம் காட்டி, மாநாடுகளில் வைத்து, படத்தோடு அச்சிட்டார். 1997 இற் சங்ககாலத் தமிழ் நாணயங்கள் பற்றிய அவர் நூல் வெளிவந்தது. 'மாக்கோதை', 'குட்டுவன் கோதை', 'கொல்லிப்பொறை' முதலிய சேரர் காசுகளும் அறிஞர் கவனத்துக்கு வந்தன. தனியொருவரின் சேகரம் அனைவருக்கும் உரிய சான்றாக மாறியது, அவர் அதனைச் சோதனைக்கு உட்படுத்தியமையாலேயே.

தம்புள்ளைச் சூழலில்

மாத்தளை மாவட்டத்தின் வடபாலுள்ள தம்புள்ளை, கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் பெருவீதியும் குருநாகலிலிருந்து திருகோணமலை செல்லும் பெருவீதியும் சந்திக்கும் இடமாகும். குன்றின்மீது குகை விகாரையும் நிசங்கமல்லனின் கல்வெட்டும் உள்ளன. 1991 முதல் அது உலக மரபுரிமைத் தலம். அணித்தே சிகிரியா. அவ்விடத்து அகழ்விற் கி. பி. 4, 5 ஆம் நூற்றாண்டுகளுக்குரிய உரோமச் செப்புக் காசுகள் பெருந்தொகையாகக் கிடைத்தன. வடக்கே அநுராதபுரம், கிழக்கே பொலன்னறுவை. வணிகரும் யாத்திரிகரும் படைஞரும் நடந்த வழிகள் இங்கு கூடுவதால், காசு சிந்தாத நிலம் இப்பகுதியில் அரிது எனலாம்.

இத்தகைய ஊரிற் காசு சேர்ப்போர் தோன்றுதல் இயல்பே. 1870 ஆம் ஆண்டுக்குரிய, பனையை ஒத்த மரம் பொறித்த விக்டோரியா சதம் ஒருவரிடம். ஒல்லாந்தக் கும்பனியின் துட்டு இன்னொருவரிடம். 2500 ஆவது புத்த ஜயந்தியை முன்னிட்டு 1957 இல் வெளியான 5 ரூபா வெள்ளி நாணயம் மற்றொருவரிடம். சுற்றுலாப் பயணிகள் கொடுத்த பிறநாட்டுக் காசுகள் சிறுவர் பலரிடம் இருத்தல் கூடும். இவர்களுள் ஒருவர் கையில் நிற்கும் மன்னன் உருவங்கொண்ட பழைய செப்புக் காசொன்று அகப்பட்டதாகக் கொள்க. அதனை அவர் நண்பரிடம் காட்டுகின்றார். நண்பர் நகைக்கின்றார். அன்றே காசு அலுமாரிக்குள் செல்கின்றது. பின்னொரு நாள் வெளியூர் வணிகர் ஒருவருக்கு அது கைமாறுகின்றது; கிடைத்த இடம் பற்றிய செய்தி கைமாறுவதில்லை. அக்காசு உலகிற் பின்னும் இருக்கும். ஆனால் அதன் வாய் அடைபட்டுவிட்டது.

காசை மறைப்போர் யாவரும் செருக்கினால் மறைக்கின்றனர் என்பது முறையன்று. திருடருக்கு அஞ்சுவோர் உளர். சட்டத்துக்கு அஞ்சுவோரும் உளர். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி, நிலத்துள் மறைந்துகிடந்து வெளிப்படும் தொல்பொருள் அரசின் உடைமையாகும். உத்தரவின்றி அகழ்தல் குற்றம். இச்சட்டம் மண்ணையும் காசையும் பிரியாது காக்க எழுந்தது. ஆதலால் நிலத்திற் காசு கண்டவர் தொல்பொருட் டிணைக்களத்துக்கு அறிவித்தலே நேரிய வழி. திருடனுக்குப் பூட்டு உண்டு. சட்டத்துக்கு முறையான அறிவிப்பு உண்டு. 'பிழைபட்டவன் எனப்படுவேனோ' என்னும் மூன்றாவது அச்சத்துக்கே வெளியில் மருந்தில்லை; அதனை அவரவரே ஆற்றிக்கொள்ள வேண்டும்.

பாடசாலைக் கழகங்கள் செய்யத்தக்கவை

இவ்வாற்றலை இளமையிலே பழக்குதற்குப் பாடசாலை நாணயக் கழகம் ஏற்ற களமாகும். அதற்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. ஒரு பதிவேடு போதும். ஒவ்வொரு காசுக்கும் எடை, குறுக்களவு, உலோகம், இரு பக்க உருவம், பெற்ற இடம், பெற்ற நாள் ஆகியவற்றை எழுதுக. அடுத்து, உரியவரின் கருத்தை ஒரு நிரலிலும் மாற்றுக் கருத்தை எதிர் நிரலிலும், காரணத்தோடும் கூறியவர் பெயரோடும் எழுதுக. மாற்றுக் கருத்துக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்கப்பட்டிருப்பின், அது தோன்றும்போது எவரும் திடுக்கிடுவதில்லை. காரணமின்றி எவரும் 'பொய்' என எழுதலாகாது என்னும் விதி, திருத்துவோரின் செருக்கையும் அடக்கும். போலியெனத் தெளிந்த காசை எறியாது 'போலி' எனக் குறித்து வைத்தால், அடுத்த மாணவருக்கு அதுவே சிறந்த ஆசிரியராகும்.

பேச்சு வழக்கிலும் சிறு மாற்றம் வேண்டப்படும். 'உம்முடைய காசு பொய்' என்பதற்கு மாறாக 'இவ்விளிம்பிற் கோடு தெரிகின்றதே, ஏன்?' என்று வினவினால் இருவரும் ஒரே பக்கத்தில் நின்று காசை நோக்குவர். பலர் முன்னிலையிற் கூறுவதினும் தனியே கூறுதல் நன்று. இவை வெறும் நயத்தக்க நாகரிகம் மட்டுமன்று. காசு மீண்டும் பெட்டிக்குள் போகாதிருக்கச் செய்யும் உபாயங்களுமாம்.

ஈற்றிற் களிம்பைப் பற்றி ஒரு சொல். காசு காப்போர் இருவகைப் பச்சையை அறிவர். ஒன்று, உறுதியாகப் படிந்து உலோகத்தைக் காப்பது, அதனைத் தேய்க்கலாகாது. மற்றொன்று, உப்பும் ஈரமும் கூடி வெளிர்பச்சைத் தூளாகப் பூத்துக் காசை உள்ளே அரித்துத் தின்பது. அதனைக் கண்டவுடன் காசைத் தனியே பிரித்து, ஈரம் அகற்றி, மருந்து செய்தல் வேண்டும். மனிதனிடத்தும் இவ்விரண்டும் உள. தன் உழைப்பையும் தேர்ச்சியையும் மதித்துக் காக்கும் தன்மதிப்பு முதல்வகை. அதனை எவரும் சுரண்டுதல் தகாது. ஐயத்தைப் பழியாகவும், வினாவை வசையாகவும் கொள்ளும் தன்முனைப்பு இரண்டாம் வகை. அது வைத்திருப்பவரையே தின்பது. இவ்விரண்டையும் பிரித்தறியும் கண்ணைக் காசு சேர்க்கும் மாணவர் பெறுவாராயின், அவர் சேர்த்த செல்வங்களுள் அதுவே தலையாயது என்பது திண்ணம்.